பூட்டிவிட்டுப் போகிறவர்

நாயை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நாள் முழுக்க வேலைக்குப் போய்வருகிறவர், சென்னையின் தென்பக்கத்தில் பரவலாகக் காணப்படும் வகையினர். பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி தொடங்கி சிறுசேரி வரைக்கும், உள்ளே தள்ளி மேடவாக்கம் பக்கமும், இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுகளில் குடியிருக்கிறார். வயது முப்பதை ஒட்டி இருக்கும். தனியாளாக இருப்பார், இல்லையென்றால் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போவார்கள். கறுப்பு பேண்ட் போடமாட்டார். போட்டால் முழங்காலுக்குக் கீழே மஞ்சள் முடி ஒட்டியிருக்கும். இவையெல்லாம் புற அடையாளங்கள். சந்தேகத்துக்கே இடமில்லாத அடையாளம் ஒன்று உண்டு: 'நாய்' என்ற சொல் இவர் வாயில் வராது. "நாய் கடிக்குமா சார்?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்கும் கூரியர் பையனிடம், "ப்ரூனோ ரொம்ப ஃப்ரெண்ட்லி, தம்பி" என்பார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று தம்பிக்குத் தெரியும். பார்சலை மிதியடியில் வைத்துவிட்டு, ஓடிபி எண்ணை மாடிப்படியில் நின்றே கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பு புதிதல்ல, பூட்டுத்தான் புதிது. முந்தைய தலைமுறையின் ஜிம்மியும் மணியும் திண்ணையிலோ கொல்லையிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ கிடந்தன. மிஞ்சின ரசஞ்சோறு சாப்பாடு. வீட்டார் குலதெய்வம் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டால் நாய் தெருவின் பொறுப்பு. எதிர்வீட்டுக் கிழவி சோறு வைப்பாள். கதவில் பூட்டு தொங்கும், நாய் பூட்டுக்கு வெளியே படுத்து வீட்டைக் காக்கும். இப்போது அது பூட்டுக்கு உள்ளே இருக்கிறது. காவலுக்கு கேட்டில் செக்யூரிட்டி, லிஃப்டில் கேமரா, கதவில் விரல்ரேகைப் பூட்டு. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்ற பழமொழியில் முதல் பாதிதான் இன்று நாய்க்குப் பொருந்தும். நிற்க நேரமில்லாதது வேறொருவருக்கு.

இந்த வகையினரில் பலர் 2020 ஊரடங்கில் உருவானவர்கள். வீட்டிலிருந்தே வேலை, வெளியே போக முடியாது, பேச ஆளில்லை, குட்டி வாங்கினார்கள். மனிதன் என்பது நாள் முழுக்க வீட்டிலேயே இருந்து, திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டு, நடுநடுவே தின்னக் கொடுக்கும் ஒரு பிராணி என்று அந்தக் குட்டிகள் ஒன்றரை இரண்டு வருடம் நம்பி வளர்ந்தன. அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் திறந்துவிட்டது.

எந்த இனத்தை வாங்குவது என்பதில் இவருடைய அளவுகோல் கண்தான். 2003இல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் பக் நாய்க்குட்டி ஓடியதிலிருந்து ஊரே அதை 'ஹட்ச் நாய்' என்று கேட்டு வாங்கிற்று. அதன் பிறகு நீலக்கண் ஹஸ்கி வந்தது. ஹஸ்கி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய். மேடவாக்கத்தில் அது ஏசிக்கு நேர் கீழே டைல்ஸில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கிறது. பீகிள், கூட்டமாக முயலைத் துரத்தி, துரத்தும் திசையைக் குரலாலேயே எஜமானனுக்குச் சொல்லப் பிறந்த இனம். அந்தக் குரல் இங்கே நான்கு மாடிக்குக் கேட்கிறது. லாப்ரடார், சுட்ட பறவையை நீரில் நீந்திப் போய்க் கவ்வி வர வேண்டியது; கவ்வ இங்கே டிவி ரிமோட் மட்டும் கிடைக்கிறது. நம்மூர் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனவை. ஆக, முறைப்படி பயிற்சி பெற்ற பரம்பரையில் வந்து, தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உயிர்கள் இவை. தமிழ்நாட்டில் இந்த நிலை புரியாத குடும்பம் இருக்க முடியாது. இவற்றில் சும்மா இருப்பதற்கு முறையான தகுதி உள்ளது பக் ஒன்றுதான். சீன அரண்மனைகளில் மடியில் உட்காருவதற்கென்றே வளர்க்கப்பட்டது. அதற்கும் ஒரு மடி வேண்டும். மடி காலை எட்டேகாலுக்குக் கிளம்பிவிடுகிறது.

விற்பவர்கள் கொடுப்பது பெரும்பாலும் நாற்பத்தைந்து நாள் குட்டி. குட்டி எத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு நாய்க்காரர்கள் நடுவே ஒரு வாய்க்கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நாற்பத்தைந்து நாளுக்கு இரண்டரை மணி நேரம் வருகிறது. ஆபீஸ் ஒன்பது மணி நேரம், சோழிங்கநல்லூர் சிக்னல் தனி. இந்தக் கழித்தலின் விடை ஹால் முழுக்கப் பரப்பிய செய்தித்தாளில் சாயங்காலம் தெரியும். தமிழ் நாளிதழ்களுக்கு இளைய தலைமுறையில் எஞ்சியிருக்கும் சந்தாதாரர்களில் இவரும் ஒருவர்.

நாள் ஐந்தே முக்காலுக்கு அலாரத்தோடு தொடங்குகிறது. நாற்பது நிமிட நடை என்பது திட்டம். அலாரம் மூன்று முறை அடங்கி, நடை, லிஃப்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போய்த் திரும்பும் ஏழு நிமிடமாகிறது. அதிலும் ஐந்து நிமிடம் கைபேசியில் போய்விடும். நாய் ஒரு செம்பருத்திச் செடியை முகர்ந்துகொண்டிருக்கும்போது, "போதும்டா, வா வா" என்று வார் இழுபடும். நாய்க்கு அந்தச் செடிதான் அன்றைய பேப்பர். தலைப்புச் செய்தி படிப்பதற்குள் பிடுங்கப்படுகிறது.

அடுத்து, கிளம்பும் சடங்கு. இவான் பாவ்லவ் ரஷ்யாவில் நாய்களை வைத்து நடத்திய சோதனைகள் உலகம் அறிந்தவை: சோறு வருமுன் ஓர் ஒலியைக் கேட்கவைத்துப் பழக்கினால், பிறகு ஒலி கேட்டாலே எச்சில் ஊறும். ப்ரூனோவுக்கு அந்த ஒலி சாவிக்கொத்து. ஊறுவது எச்சில் அல்ல, கலக்கம். சாவிக்கு முன்னால் ஷூ, ஷூவுக்கு முன்னால் சென்ட் வாசனை, எல்லாவற்றுக்கும் முன்னால் கழுத்தில் மாட்டும் ஐடி கார்டு. ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது ஐடி கார்டைக் கையில் எடுத்துவிட்டால் போதும், நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதனால் இவர் தந்திரங்கள் செய்வார். ஷூவை லிஃப்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். சாவியைச் சாக்ஸுக்குள் சுருட்டி வைப்பார். லேப்டாப் பையை முதல் நாள் ராத்திரியே காரில் வைத்துவிடுவார். ஒரு வாரம் செல்லும். எட்டாம் நாள், சாக்ஸை எடுத்தாலே நாய் கட்டிலுக்கு அடியில்.

இதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் வழி, சாவியை எடுப்பது, வெளியே போகாமல் மறுபடி வைப்பது, அப்படிப் பலமுறை செய்து அந்த ஒலிக்கு அர்த்தமில்லாமல் ஆக்குவது. பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று வெளியே நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. வாரக்கணக்கில் நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம் இது. இவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்ப்பார். பூட்டுவார், நிற்பார், திறப்பார், பூட்டுவார். பதினோராவது முறை எதிர் ஃப்ளாட் கதவு திறந்து, "ஏதாவது தொலைஞ்சு போச்சா தம்பி?" என்று மாமி கேட்பார்.

சத்தமில்லாமல், பெரிதுபடுத்தாமல் கிளம்ப வேண்டும் என்பது இன்னொரு அறிவுரை. இதை இவரால் கடைப்பிடிக்கவே முடியாது. கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லக்கூடாத மண்ணில் பிறந்தவர். வாசலில் குத்தவைத்து, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "அப்பா போயிட்டு வந்துடுவேன், என்ன? பத்து மணிக்கு ஸ்டேட்டஸ் கால் இருக்குடா. சமத்தா இருக்கணும். யாரு சமத்து?" என்று ஒரு பிரியாவிடை நடக்கும். கதவைச் சாத்தியபின் ஒரு நிமிடம் காதை வைத்துக் கேட்பார். உள்ளே, கதவின் மறுபக்கம், அதே உயரத்தில் இன்னொரு காது.

பிறகு உள்ளே நடப்பது என்ன? பெரும்பாலான நாய்கள் தூங்குகின்றன. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிநேரம் தூங்கும் பிராணி. சோபாவிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து சோபாவுக்கும் போய்வந்து மீதியைக் கழிக்கும். பிரிவுப் பதற்றம் உள்ள நாயின் கதை வேறு. அது கதவைப் பிறாண்டும், ஊளையிடும், எச்சில் ஒழுக்கும், பழகின நாயாக இருந்தும் நடுஹாலில் நனைக்கும். இந்த அமளியில் பெரும்பகுதி எஜமானர் போன முதல் அரைமணியிலேயே நடந்துவிடும். காலை முழுக்கச் சமர்த்தாகத் தூங்கிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குத் தலையணையைப் பிரித்துப் பஞ்சைப் பறக்கவிடும் நாய்க்குப் பெரும்பாலும் பதற்றம் கிடையாது. அதற்குப் பொழுது போகவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இவர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பார்: புதுத் தலையணை.

சேதத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கும். செருப்பில் ஒரு கால் மட்டும் போகும், அதுவும் விலை கூடின ஜோடியில். சோபாவில் மூலை போகும். ரிமோட்டில் ஒலியைக் குறைக்கும் பொத்தான் போகும். கதவின் உட்பக்கத்தைப் பார்த்தால் முழு வரலாறும் தெரியும்: அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மைக்கா உரிந்து, பிளைவுட் நார்நாராக வந்து, நடுவில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். கீறல்கள் எல்லாம் ஒரே இடத்தில், தாழ்ப்பாளுக்கு நேர் கீழே. வீட்டுக்காரர் வந்து பார்ப்பதற்குள் கார்ப்பெண்டரைக் கூப்பிட்டு ஓரடி உயரத்துக்கு ஸ்டீல் தகடு அடித்துவிடுவார். வாடகை முன்பணம் தப்பியது. தகட்டைப் பிறாண்டும் ஒலி மட்டும் முன்னைவிடத் தெளிவாக, கீழ்வீடு வரைக்கும் போகும்.

துணைக்கு டிவியை ஓடவிட்டுப் போவதும் உண்டு. பெல்பாஸ்டில் டெபோரா வெல்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2002இல் காப்பகத்து நாய்களுக்கு விதவிதமான இசை போட்டுப் பார்த்ததில், மேற்கத்திய செவ்வியல் இசைக்கு அவை அதிகம் ஓய்ந்து படுத்தன. ஹெவி மெட்டலுக்கு அதிகம் குரைத்தன. இங்கே ஓடுவது பெரும்பாலும் சேனல் மாறாமல் நின்றுபோன ஏதோ ஒன்று. பதினொரு மணிக்கு அதில் மெகா சீரியல் மறுஒளிபரப்பு தொடங்கும். மாமியார் மருமகள் சண்டை நாய்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய இடமிருக்கிறது.

அலுவலகத்தில் இவர் மேசையில் இரண்டு திரை, மூன்றாவதாகக் கைபேசி. அதில் ஹால் தெரியும். கேமராவில் பிஸ்கட் எறியும் வசதி இருக்கும், பேசும் வசதியும் இருக்கும். காலை நாற்பது தடவை பார்ப்பார். நாற்பதிலும் நாய் படுத்திருக்கும். எழுப்பிப் பார்க்காமல் மனம் நிற்காது. "ப்ரூனோ!" என்று மெல்லக் கூப்பிடுவார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நாய் துள்ளி எழுந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடும். வாசலுக்கு ஓடும், பால்கனிக்கு ஓடும், கட்டிலுக்கு அடியில் பார்க்கும், கடைசியில் டிவி அலமாரிமேல் இருக்கும் சின்ன உருளையைப் பார்த்து ஊளையிடும். "பாவம், என்னைத் தேடறான்" என்று பக்கத்து நாற்காலிக்குக் காட்டுவார். மேலாளர் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில், மைக் திறந்திருப்பது தெரியாமல், "டேய், அதை வாயிலேர்ந்து எடுடா!" என்று கத்தி, வாடிக்கையாளர் உட்பட பதினாறு பேரை மௌனமாக்கிய சம்பவம் இவர்கள் எல்லோருக்கும் ஒருமுறை நடந்திருக்கும்.

தன் நாய் குரைக்காது என்பது இவரது உறுதியான நம்பிக்கை. ஆதாரமும் இருக்கிறது: இவர் வீட்டில் இருக்கும்போது அது குரைப்பதில்லை. எதிர் ஃப்ளாட் மாமியிடம் வேறு ஆதாரம் இருக்கிறது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிட ஆடியோவாக அதைப் போடுவார். கீழே நாலைந்து கைகூப்பல்கள் விழும். பதிலுக்கு இவர் ஒரு பிடிஎஃப் அனுப்புவார். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்: பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் குடியிருப்புச் சங்கம் செல்லப்பிராணியைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. அந்தக் கோப்பு இவர் கைபேசியில் எப்போதும் மேலேயே இருக்கும். அந்த வாரியத்தைப் பெற்ற சட்டத்தை மட்டும் இவர் புரட்டியதில்லை. திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை நடத்திய ருக்மிணி தேவி மாநிலங்களவையில் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக வந்த 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் அது. எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய நடை தராத உரிமையாளரை அதன் 11ஆம் பிரிவு வதை செய்பவர் பட்டியலில் சேர்க்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். ப்ரூனோவின் ஒரு பிஸ்கட் பாக்கெட் அதைவிட விலை கூட. ஸ்வீடனில் இந்த விஷயத்தை நேராகவே எழுதிவைத்திருக்கிறார்கள்: வீட்டுக்குள் வளரும் நாயைப் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே விட வேண்டும். அதனால் அங்கே நாய்களுக்கான பகல்காப்பகம் சர்வசாதாரணம்.

மாலை ஏழே முக்காலுக்குப் பூட்டு திறக்கும். நாய் கதவிலிருந்தே பாயும், வட்டமடிக்கும், ஷூவைக் கவ்விக்கொண்டு ஓடும். இவ்வளவு பாசம் தனக்கு வேறெங்கும் கிடைக்காது என்று இவர் கண் கலங்குவது நியாயம்தான். 2011இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், அரைமணி விட்டுப்போனதைவிட இரண்டு மணி விட்டுப்போய் வந்தபோது நாய்கள் கூடுதலாகக் கொண்டாடின. இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதிலிருந்து நான்குக்கும் பத்துக்கும் வித்தியாசமில்லை என்று இவர் தாமாகவே ஒரு படி மேலே போய்க்கொள்வார்.

கொண்டாட்டம் முடிந்து விளக்கைப் போட்டால் தலையணைப் பஞ்சு தெரியும். "யார் செஞ்சா இது?" என்ற கேள்விக்கு, வீட்டில் வேறு யாரும் இல்லாத நிலையிலும், விசாரணை முறையாக நடக்கும். நாய் காதை மடக்கி, முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்க்கும். "பாருங்க, தப்புன்னு அவனுக்கே தெரியுது" என்று அந்த முகம் படமாகி ஸ்டேட்டஸில் போகும். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதையே சோதித்தார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. எஜமானர் திட்டினால் அந்த முகம் வருகிறது. சொல்லப்போனால், தின்னக்கூடாததைத் தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் நன்றாகவே குற்றவாளி மாதிரி இருந்தன. திட்டி முடித்த பத்தாவது நிமிடம் இவரே வருந்தி, தட்டில் பனீர் வைத்து, தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பார்.

ஹச்சிகோ படத்தை மூன்று முறை பார்த்து அழுதவர் இவர். டோக்கியோவில் பேராசிரியர் உவேனோ தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்தார். 1925 மே மாதம் வேலையிடத்திலேயே இறந்துவிட்டார். அவருடைய அகிதா நாய் 1935 மார்ச் மாதம் தான் சாகும்வரை ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்தது. கதை இதுதான். இவர் கண்ணில் படாத செய்தி ஒன்று இதில் இருக்கிறது. ஹச்சிகோ பூட்டுக்குள் இருந்து காத்திருக்கவில்லை. அது தன் காலால் ஸ்டேஷனுக்கு நடந்தது, வழியெல்லாம் முகர்ந்தது, கடைவீதியில் நாலு பேரிடம் வாங்கித் தின்றது. இறந்தபின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது கோழிக்கறி சுட்டுக் கொடுக்கும் யாகிடோரிக் குச்சிகள் இருந்தன.

தீர்வுகளுக்காக இவர் செலவழிக்கும் பணத்துக்குக் கணக்கில்லை. தயிரை உறையவைத்து நக்கக் கொடுக்கும் ரப்பர் தட்டு, புதிர் போட்டுச் சோறு தரும் கிண்ணம், காதைப் பொத்தும் தொப்பி. ஈசிஆர் பக்கம் பகல்காப்பகம். காலை வேன் வந்து ஸ்கூல் பிள்ளையை ஏற்றுவதுபோல் ஏற்றிப்போகும், சாயங்காலம் புகைப்படத்தோடு ரிப்போர்ட் வரும். அது கட்டுப்படியாகாதபோது, துணைக்கு இரண்டாவது நாய். பிரிவுப் பதற்றம் உள்ள நாய் ஏங்குவது மனிதருக்கு. இன்னொரு நாய் வந்ததனால் அது தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. வீட்டில் அப்போது கதவைப் பிறாண்ட எட்டுக் கால் இருக்கும். காலையில் இன்னும் அரைமணி முன்னால் எழுந்து நடத்திக் கூட்டிப்போவது பட்டியலில் வருவதே இல்லை. அது எங்கும் ஆர்டர் செய்து வாங்குகிற பொருள் அல்ல என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உண்மையான தீர்வு பெரும்பாலும் தற்செயலாக, பஸ் ஏறி வருகிறது. மன்னார்குடியிலிருந்து கண்புரை ஆபரேஷனுக்கு வந்து தங்கும் அப்பா, முதல் நாள் வாசலிலேயே நின்று, "வீட்டுக்குள்ளயா இதை வெச்சிருக்கே?" என்று கேட்பார். இரண்டாம் நாள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருப்பார். இரண்டாம் வாரம், கறுப்புக் கண்ணாடியோடு மொட்டைமாடியில் அதை நடத்திக்கொண்டிருப்பார். மூன்றாம் வாரம் அதன் நெற்றியில் திருநீறு இருக்கும். "இந்தப் பய இங்கிலீஷ்தான் கேக்குறான், தமிழ்ல சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறான்" என்று செக்யூரிட்டியிடம் குறைப்பட்டுக்கொள்வார். மாமியின் ஆடியோக்கள் நின்றுவிடும். கண் சரியானதும் அவர் ஊருக்குப் போயாக வேண்டும். நெல் அறுவடை காத்திருக்காது.

அப்பா இல்லாத வீடுகளில் இந்த இடத்தை நிரப்புகிறவர், வேலைக்கு வரும் அக்கா. "நாய் இருக்குற வீட்டுக்கு ஐந்நூறு கூட" என்று பேசித்தான் சேர்ந்திருப்பார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்து, முதல் வேலையாக, "வாடா ப்ரூணு, வெளிய போலாம்" என்று கயிற்றை மாட்டி இருபது நிமிடம் கீழே கூட்டிப்போவார். செம்பருத்திச் செடியிடம் அவசரப்படுத்துவதில்லை. அந்த நேரத்தில் அவருக்கும் பக்கத்து பிளாக் அக்காவிடம் பேச விஷயம் இருக்கிறது. தன் டப்பாவிலிருந்து ஒரு வாய் சாம்பார் சோறு போடுவார். ரப்பர் தட்டு ஃப்ரீசரில் அப்படியே இருக்கும்.

அலுவலகத்தில் மத்தியானம் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இவர் கேமராவைத் திறக்கிறார். நாய் படுத்திருக்கவில்லை. ஸ்டீல் தகடு அடித்த கதவுக்கு நேரே, வாலை ஆட்டியபடி, கயிறு தொங்கும் ஆணியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. "ப்ரூனோ" என்று கூப்பிடுகிறார். ஒரு காது மட்டும் திரும்புகிறது. பிஸ்கட் எறியும் பொத்தானை அழுத்துகிறார். பிஸ்கட் நாயின் முதுகில் பட்டுத் தரையில் விழுகிறது. லிஃப்டு திறக்கும் ஓசை கேட்கிறது.